கதவில் ஒட்டிய தாள்: கென்யா, ஆகஸ்ட் – செப்டம்பர் 2022

ஆகஸ்ட் 15, திங்கள். நைரோபி

அதிபர் தேர்தல் முடிவு மதியம் 3 மணிக்கு என்றார்கள். அறிவித்தபோது மணி ஆறு ஆகிவிட்டது. இடம் பொமாஸ் ஆஃப் கென்யா. நகர மையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, லாங்காட்டா சாலையில் இருக்கும் கலாச்சார மையம். ஒன்பதாம் தேதி நடந்த வாக்குப்பதிவின் தேசியக் கூட்டல் மையம் அதுதான். மேடையில் பாட்டுக் குழு பாடிக்கொண்டிருந்த இடத்தில் கொஞ்ச நேரத்தில் நாற்காலிகள் பறந்தன. தூதர்களை வெளியே அழைத்துப் போனார்கள். கலவரம் அடங்கியதும் தேர்தல் ஆணையத் தலைவர் வஃபூலா செபுகாட்டி எண்களைப் படித்தார்: வில்லியம் ரூட்டோ 71,76,141. ரைலா ஒடிங்கா 69,42,930. வித்தியாசம் 2,33,211.

அதே நேரம் நகர மையத்தில் செரீனா ஹோட்டலில் ஆணையத்தின் ஏழு பேரில் நால்வர், துணைத்தலைவர் ஜூலியானா செரேரா தலைமையில், இந்த முடிவுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று சொன்னார்கள். கடைசிக் கட்டக் கூட்டல் ஒளிவுமறைவாக நடந்தது என்பது அவர்கள் புகார். ஒரே ஆணையத்திலிருந்து ஒரே மாலையில் இரண்டு குரல். வாக்காளர் யாரை நம்புவார்?

ஒரு மணி நேரத்துக்குள் நாடு இரண்டாகத் தெரிந்தது. ரூட்டோவின் கோட்டையான எல்டோரெட்டில் ஊதல், மோட்டார் சைக்கிள் ஊர்வலம், ரூட்டோ கட்சியின் சின்னமான ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டம். ரைலாவின் கோட்டையான கிசுமுவில் கொண்டேலே ரவுண்டானாவில் டயர் எரிப்பு, கல்வீச்சு, கண்ணீர்ப்புகை. நைரோபியின் குடிசைப் பகுதியான கிபேராவிலும் அப்படியே. ‘ரைலா இல்லையேல் அமைதி இல்லை’ என்ற கோஷம்.

இன்னொரு சேதியை யாரும் விட்டுவிடக் கூடாது. எம்பகாசி கிழக்குத் தொகுதியின் தேர்தல் அலுவலர் நான்கு நாள் முன்பு பணியிடத்திலிருந்து காணாமல் போனார். இன்று அவர் உடல் கிடைத்திருக்கிறது. 2017-இல் வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு ஆணையத்தின் தொழில்நுட்ப மேலாளர் கிறிஸ் ம்சாண்டோ சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். இந்த நாட்டில் வாக்கு எண்ணுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை.

நைரோபியில் இருப்பவர்களுக்கு: அறிவிப்பு நாளில் மதியத்துக்குப் பிறகு கடைகள் ஷட்டரை இறக்கிவிடும், மட்டாட்டு எனும் தனியார் சிற்றுந்துகள் குறையும். எம்-பெசா எனும் செல்போன் பணச் சேவையின் முகவர்களும் மூடிவிடுவார்கள். போனில் பணம் இருந்தும் கையில் ஷில்லிங் இல்லாமல் நிற்க நேரும். இரண்டு நாளுக்கான ரொக்கம், தண்ணீர், மக்காச்சோள மாவு இருந்தால் போதும். மாவைக் கிலோக் கணக்கில் பதுக்க வேண்டியதில்லை. 2 கிலோ பாக்கெட்டை 100 ஷில்லிங்குக்கு இறக்கிய அரசு மானிய விலையில் ஏற்கெனவே பல கடைகளில் சரக்கே இல்லை.

ஆகஸ்ட் 16, செவ்வாய். நைரோபி

இன்று ஊரெல்லாம் ஒரே எண்தான் பேச்சு: 100.01.

நான்கு ஆணையர்கள் மறுபடி பேசினார்கள். நான்கு வேட்பாளர்களின் சதவீதத்தைக் கூட்டினால் 100.01 வருகிறது, கூடுதலான 0.01 சதவீதம் ஏறத்தாழ 1,42,000 வாக்குகள், இது முடிவையே மாற்றும் என்றார்கள். மதியத்துக்குள் இந்த எண் வாட்ஸப்பில் போகாத இடமில்லை.

தாளும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். செல்லும் வாக்குகள் மொத்தம் 1,42,13,027. இதில் ஒரு சதவீதம்தான் 1,42,130. 0.01 சதவீதம் என்பது 1,421 வாக்குகள். நூறு மடங்கு தவறு. அந்த 1,421-ம் உண்மையான வாக்குகள் அல்ல. ரூட்டோவின் சரியான பங்கு 50.4899, அதை 50.49 ஆக்கினார்கள். ரைலா 48.8491, அது 48.85 ஆனது. வஜாக்கோயா 0.4360, அது 0.44. வைஹிகா 0.2251, அது 0.23. நான்கையும் மேல்நோக்கி முழுமையாக்கியதால் கூட்டலில் 0.01 மிகுந்தது. வாக்குகளைக் கூட்டினால் பிசகே இல்லை.

இந்தக் கணக்குத் தெரிந்துவிட்டால் ஆணையர்களின் புகார் முழுக்கப் பொய் என்று ஆகிவிடாது. கடைசி நேரத்தில் கூட்டல் எப்படி நடந்தது என்ற அவர்கள் கேள்வி தனி. அதை நீதிமன்றம்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு நல்ல கேள்வியோடு தப்பான கணக்கைச் சேர்த்துக் கட்டினால் கேள்வியும் சேர்ந்து மதிப்பிழக்கும். இன்று நடந்தது அதுதான்.

ரூட்டோவின் வெற்றி எவ்வளவு மெல்லியது என்பதையும் இதே தாளில் போடலாம். முதல் சுற்றில் வெல்லப் பாதிக்கு மேல் ஒரு வாக்காவது வேண்டும், அதாவது 71,06,514. அதைவிட அவருக்குக் கூடுதலாக இருப்பது 69,627. கூடவே 47 கவுன்ட்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) பாதிக்கு மேற்பட்டவற்றில் கால் பங்கு வாக்கும் வேண்டும். அதில் தகராறு இல்லை. தகராறு முழுக்க அந்த அறுபத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தைச் சுற்றித்தான்.

ரைலா இன்று மாலை முடிவு செல்லாது என்றார், அமைதியாக இருங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். கிபேராவில் அடுப்புகள் திரும்ப எரியத் தொடங்கிவிட்டன. பள்ளிகள் மட்டும் 18-ஆம் தேதிதான் திறக்கும்.

ஆகஸ்ட் 17, புதன். நைரோபி, ஜீவன்ஜி தோட்டம்

நகர மையத்தில் இந்திய வணிகர் ஜீவன்ஜி ஊருக்குக் கொடுத்த தோட்டம் இது. ‘புங்கே லா ம்வனாஞ்சி’, குடிமக்கள் சபை, கூடும் இடம். மரத்தடியில் நின்றபடியே மணிக்கணக்கில் அரசியல் வாதம் நடக்கும். இந்த வாரம் வாதத்துக்குள் ஒரு புதுப் பொருள் புகுந்திருக்கிறது: போனில் இறக்கிய படிவம் 34ஏ.

கென்யாவில் 46,229 வாக்குச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் அதிபர் வாக்கின் எண்ணிக்கை எழுதப்படும் தாள் 34ஏ. தொகுதி அளவில் அவற்றைக் கூட்டினால் 34பி, 290 தொகுதிகளையும் கூட்டினால் 34சி. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாவடியில் எழுதியதே இறுதி, மேலே உள்ள யாரும் அந்த எண்ணைத் திருத்த முடியாது என்று சொல்லிவிட்டது. ஆகவே சண்டை முழுக்க இந்த ஒரு தாளின் மேல்.

தாள் எப்படிப் பிறக்கிறது? மாலை 5 மணிக்கு வாக்குப்பதிவு முடிகிறது, வரிசையில் நிற்பவர்கள் போட்டு முடிக்கும்வரை நீள்கிறது. ஒரே நாளில் ஆறு தேர்தல், ஆறு பெட்டி. முதலில் அதிபர் பெட்டி. வாக்குச்சீட்டை ஒவ்வொன்றாக எடுத்து, பெயரை உரக்கப் படித்து, பூத் ஏஜென்ட்டுகளுக்குத் தூக்கிக் காட்டி, அடுக்கில் வைக்கிறார்கள். எண்ணி முடித்து, தாளில் எழுதி, தலைமை அலுவலரும் ஏஜென்ட்டுகளும் கையெழுத்துப் போடுகிறார்கள். காலையில் கைரேகை பார்த்த அதே கையடக்கக் கருவி, ‘கியெம்ஸ்’, தாளைப் படம் பிடித்து நைரோபிக்கு அனுப்புகிறது. ஒரு பிரதி சாவடிக் கதவில் ஒட்டப்படுகிறது, ஏஜென்ட்டுகளுக்கும் பிரதி உண்டு. மூலத்தாள் பெட்டியோடு தொகுதி மையத்துக்கும், அங்கிருந்து பொமாஸுக்கும் போகிறது.

அந்தப் படத்தை ஆணையம் தன் இணையதளத்தில் உடனுக்குடன் போட்டுவிட்டது. இந்த ஆண்டின் பெரிய மாற்றம் இதுதான். மறுநாளுக்குள் பெரும்பாலான படிவங்கள் யாரும் பார்க்கும்படி ஏறிவிட்டன. பார்க்கும் வழி: கவுன்ட்டி, தொகுதி, வார்டு, மையம், சாவடி என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து உள்ளே போக வேண்டும். கடைசியில் பிடிஎஃப் இறங்கும்.

இறக்கியதும் பார்க்க வேண்டியவை. மேலே 15 இலக்கக் குறியீடு இருக்கும். முதல் மூன்று கவுன்ட்டி (நைரோபி 047, கிசுமு 042, எல்டோரெட் இருக்கும் உவாசின் கிஷு 027), அடுத்த மூன்று தொகுதி, அடுத்த நான்கு வார்டு, அடுத்த மூன்று மையம், கடைசி இரண்டு அந்த மையத்தில் எத்தனையாவது சாவடி என்பது. வாட்ஸப்பில் வரும் படத்தில் குறியீடு வெட்டுப்பட்டிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள், ஒப்பிடவே முடியாது. அடுத்து, ஒரு சாவடியில் 700 வாக்காளருக்கு மேல் கிடையாது. அதைத் தாண்டிய மொத்தம் கண்ணில் பட்டால் அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். நான்கு பேர் வாக்கையும் கூட்டிச் செல்லும் வாக்குகளின் மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும். பிறகு கையெழுத்துகள்: இரு தரப்பு ஏஜென்ட்டும் போட்டிருக்கிறார்களா?

பிசகுவது எங்கே என்றால், பெரும்பாலும் விடிகாலையில். ஐந்தரை மணிக்கே சாவடிக்கு வந்து, ஆறு பெட்டி எண்ண வேண்டியவர்களின் கை எழுதுகிறது. 3 எட்டாகத் தெரிகிறது. செல்லாத வாக்கை மொத்தத்தில் சேர்த்துவிடுகிறார்கள். வேட்பாளர் வரிசையில் ஒரு கோடு கீழே இறங்கிவிடுகிறது. இப்படிப் பிழைகள் இரு தரப்புக்கும் சாதகமாகச் சிதறிக் கிடக்கும். மோசடி என்றால் ஒரே பக்கம் சாயும். பத்துப் படிவத்தில் பிழை கண்டேன் என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதே.

தொலைக்காட்சிகள் கடந்த வாரம் ஏன் ஆளுக்கொரு எண் காட்டின என்பதும் இதிலிருந்தே புரியும். ஆணையம் இம்முறை எண்களை அனுப்பவில்லை, படத்தை மட்டுமே அனுப்பியது. ஒவ்வொரு நிறுவனமும் ஆட்களை உட்காரவைத்துக் கையால் தட்டச்சு செய்தது. ஒருவர் மத்தியக் கென்யாவில் தொடங்கினால் ரூட்டோ முன்னிலை, இன்னொருவர் மேற்கில் தொடங்கினால் ரைலா முன்னிலை. மூலம் ஒன்றுதான். பார்ப்பவர்களோ தங்களுக்குப் பிடித்த சேனலை நம்பி மூன்று நாள் கொண்டாடினார்கள். திங்கள்கிழமைக் கோபத்தில் பாதி அந்த மூன்று நாளில் விளைந்தது.

ஆகஸ்ட் 19, வெள்ளி. நக்குரு வழியாக எல்டோரெட்

நைரோபியிலிருந்து எல்டோரெட் 310 கிலோமீட்டர் அளவு. நைவாஷா, நக்குரு தாண்டி மாவ் சம்மிட்டில் சாலை பிரிகிறது: இடப்பக்கம் கெரிச்சோ, கிசுமு. நேரே டிம்போரோவா, பர்ன்ட் ஃபாரஸ்ட், எல்டோரெட். டிம்போரோவா உயரமான ஊர், ஆகஸ்ட்டிலும் ஸ்வெட்டர் வேண்டும். போலீஸ் தடுப்புகளில் பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும்.

இந்தப் பாதையின் ஊர்ப்பெயர்கள் கென்யர்களுக்கு வேறு கணக்கில் நினைவிருக்கும். 2007 டிசம்பர் 27-இல் தேர்தல், 30-ஆம் தேதி மாலை அப்போதைய அதிபர் கிபாக்கி ரைலாவை வென்றதாக அறிவிப்பு, அன்றே பொழுது சாயும் வேளையில் அதிபர் மாளிகைத் தோட்டத்தில் அவசரப் பதவியேற்பு. நீதிமன்றத்துக்குப் போக மாட்டோம், அதன்மேல் நம்பிக்கை இல்லை என்றது எதிர்த்தரப்பு. வாக்கு எண்ணிக்கைத் தாள்கள் பொதுமக்கள் கண்ணில் படவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் 1,133 பேர் இறந்ததாக அந்தக் கலவரத்தை விசாரித்த வாக்கி ஆணையம் பதிவு செய்தது. அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குண்டு பாய்ந்து இறந்தவர்கள். லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். எல்டோரெட்டின் புறத்தே கியம்பாவில் 2008 ஜனவரி 1 அன்று தேவாலயத்துக்குள் ஒளிந்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே வைத்தே எரித்தார்கள். கல்லறைகள் அங்கே இருக்கின்றன. போகிறவர்கள் கேமராவை உள்ளே வைத்துவிட்டுப் போங்கள். அது சுற்றுலாத் தலமில்லை.

இன்று இதே சாலையில் லாரிகள் தடையில்லாமல் ஓடுகின்றன. முதல் காரணம் அரசியல் கூட்டணி. 2007-இல் எதிரெதிரே நின்ற கிக்குயூ, கலென்ஜின் இன மக்களில் பெரும்பாலோர் இம்முறை ஒரே பக்கம், ரூட்டோவுக்கு வாக்களித்தார்கள். பதவி விலகும் அதிபர் உஹுரு கென்யாட்டாவோ ரைலாவுக்கு ஆதரவு. அரசு ஒரு பக்கம், எதிர்க்கட்சி மறுபக்கம் என்ற பழைய கோடு அழிந்துவிட்டது. இதை மறைத்துவிட்டு ‘மக்கள் பக்குவப்பட்டுவிட்டார்கள்’ என்று மட்டும் எழுதுவது அரைகுறை.

இரண்டாவது காரணம் நாள்காட்டி. 2010 அரசியலமைப்பின்படி அறிவிப்பிலிருந்து 7 நாளுக்குள் மனு, மனுவிலிருந்து 14 நாளுக்குள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தீர்ப்புக்கு முன் பதவியேற்பு கிடையாது. கோபப்படுகிறவருக்கும் எந்தத் தேதிவரை பொறுக்க வேண்டும் என்று தெரிகிறது.

ஆகஸ்ட் 21, ஞாயிறு. கிசுமு

எல்டோரெட்டிலிருந்து கப்சபெட் வழியாக 120 கிலோமீட்டர். தேயிலைத் தோட்டங்களை விட்டு இறங்க இறங்க வெக்கை கூடும், விக்டோரியா ஏரியின் காற்று அடிக்கும். ரைலாவை இங்கே யாரும் பெயர் சொல்வதில்லை, ‘பாபா’தான்.

கொண்டேலே ரவுண்டானாவில் தார்ச்சாலையில் டயர் எரிந்த கருப்பு வட்டங்களும் கருகிய கம்பி வளையங்களும் கிடக்கின்றன. மேம்பாலத்துக்குக் கீழே பழக்கடைகள் திரும்பிவிட்டன. டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி எரிந்து முடிந்ததும் கூரான துண்டுகளாகச் சிதறும். போடா-போடா எனும் மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுநர்கள் ஒரு வாரத்துக்கு அந்த ஓரத்தைத் தவிர்ப்பது பஞ்சருக்குப் பயந்து. நீங்களும் அவர்கள் போகும் தடத்திலேயே போங்கள்.

2017 தேர்தலை இந்த ஊர் மறக்கவில்லை. அப்போது போலீஸ் நியாலெண்டா போன்ற குடியிருப்புகளில் இரவில் வீடு வீடாகப் புகுந்து அடித்தது. ஆறு மாதக் குழந்தை ஒன்று தலையில் அடிபட்டு இறந்தது. ஆகவே ‘கிசுமு கொந்தளித்தது’ என்ற தலைப்பைப் படிக்கும்போது கல்லெறிந்தவர்களின் கணக்கு மட்டும் போதாது. இம்முறை போலீஸ் பெரும்பாலும் முக்கிய சாலைகளோடு நின்றது, இரண்டாம் நாளே கடைகள் திறந்தன. அடுத்த தேர்தலுக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவை.

இங்கேயும் போனில் படிவங்கள் பார்க்கிறார்கள். சிலரிடம் வாட்ஸப்பில் வந்த ‘திருத்திய’ படிவங்கள் இருக்கின்றன, குறியீட்டை வைத்துத் தளத்தில் தேடிப் பார்க்கச் சொன்னால் சிலர் தேடுகிறார்கள், சிலர் தளமே பொய் என்கிறார்கள். எல்லாரையும் இந்தத் தாள் சமாதானப்படுத்திவிடும் என்று எண்ண வேண்டாம். ஆனால் கோபத்துக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. 2007-இல் அது இல்லை.

ஆகஸ்ட் 22, திங்கள். கிசுமு

கடைசி நாளில் மனு தாக்கல் ஆகிவிட்டது. ரைலாவுடையதையும் சேர்த்து மொத்தம் ஒன்பது மனுக்கள். 14 நாள் இன்றிலிருந்து ஓடுகிறது.

செப்டம்பர் 2, வெள்ளி. நைரோபி

மூன்று நாள் வாதம் இன்று முடிந்தது. உச்ச நீதிமன்றத்தைச் சுற்றி சிட்டி ஹால் வே பகுதியில் போக்குவரத்துக் கட்டுப்பாடு. அந்தப் பக்கம் வேலையிருந்தால் கென்யாட்டா அவென்யூவில் இறங்கி நடப்பது நல்லது. விசாரணை நேரலையில் வருவதால் சலூன், உணவகம், மட்டாட்டு எங்கும் அதுதான் ஓடுகிறது.

30-ஆம் தேதி நீதிமன்றம் போட்ட உத்தரவு முக்கியமானது: 15 சாவடிகளின் பெட்டிகளைத் திறந்து மறுபடி எண்ண வேண்டும், மூலப் படிவங்களைப் பார்வையிட அனுமதிக்க வேண்டும், சர்வர்களை மேற்பார்வையோடு ஆராயவிட வேண்டும். 2017-இல் இதே நீதிமன்றம் சர்வரைத் திறக்கச் சொன்னபோது ஆணையம் முழுமையாகத் திறக்கவில்லை. 54.27 சதவீதத்தோடு ஜெயித்த உஹுருவின் வெற்றியை தலைமை நீதிபதி டேவிட் மராகா உள்ளிட்ட நால்வர், எதிராக இருவர் என்ற கணக்கில் ரத்து செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். எல்லாப் படிவமும் வந்துசேரும் முன்பே அன்று முடிவை அறிவித்திருந்தார்கள். அந்த ரத்தின் பயத்தில்தான் ஆணையம் இம்முறை படிவங்களை முன்கூட்டியே வெளியில் வைத்தது என்பது என் கணிப்பு.

செப்டம்பர் 5, திங்கள். கிசுமு

மதியம் தலைமை நீதிபதி மார்த்தா கூமே தீர்ப்பைப் படித்தார். ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக ரூட்டோவின் வெற்றியை உறுதி செய்தார்கள். மூலப் படிவம், தளத்தில் ஏறிய படம், நீதிமன்றத்துக்கு வந்த சான்றிட்ட பிரதி மூன்றுக்கும் இடையே முடிவை அசைக்கும் வேறுபாடு இல்லை. மனுதாரர்கள் கொடுத்த சில கணினிப் பதிவுகள் போலியானவை என்றும் நீதிமன்றம் சொன்னது. நான்கு ஆணையர்கள் விஷயத்தில், வாக்குகளைச் சரிபார்க்கும் அதிகாரம் தலைவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல, ஆணையம் முழுமைக்கும் உரியது என்று அவர்கள் பக்கத்து நியாயத்தை ஏற்றது. ஆனால் கடைசி நிமிடப் பிளவுக்காக ஒரு தேர்தலையே ரத்து செய்ய முடியாது, படிவம் எதுவும் தவறென்று அவர்கள் காட்டவில்லை என்றது.

கிசுமுவில் திரையைச் சுற்றி நின்ற கூட்டம் கலைய நேரம் பிடித்தது. அங்கங்கே கோஷம் எழுந்தது, ஆகஸ்ட் 15 போல வளரவில்லை. தீர்ப்பில் உடன்பாடில்லை, ஆனாலும் மதிக்கிறேன் என்று ரைலா அறிக்கை விட்டார். ஐந்தாவது முறையாகத் தோற்ற தலைவருக்கு அதைச் சொல்வது சிறிய காரியமல்ல. மாலை பேருந்து நிலையத்தில் நைரோபி வண்டிகள் வழக்கம்போல நிரம்பிப் புறப்பட்டன.

செப்டம்பர் 6, செவ்வாய். கிசுமு

பயணத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு: தீர்ப்புக்குப் பின் ஏழாம் நாளை அடுத்து வரும் செவ்வாய்தான் பதவியேற்பு, ஆகவே 13-ஆம் தேதி, கசரானி விளையாட்டரங்கில். அன்று தீக்கா சாலைப் பக்கம் போகாதீர்கள்.

மிச்சமிருக்கும் வேலை இரண்டு. ஏஜென்ட் இல்லாத சாவடியில் ஒரு கட்சிக்குச் சொந்தப் பிரதி இல்லை. 46,229 பேருக்கு நாள்கூலி, சாப்பாடு, பயிற்சி கொடுத்து இரவு முழுக்க உட்காரவைப்பது 2027-க்குள் ஒவ்வொரு கட்சியும் கட்ட வேண்டிய அமைப்பு. நீதிமன்றத்தில் வாதிடும்போது அந்தப் பிரதிதான் கையில் நிற்கும். இரண்டாவது, தளத்தில் உள்ள படிவங்கள் எவ்வளவு நாள் இருக்கும் என்று சட்டம் உறுதியளிக்கவில்லை. கென்யப் பல்கலைக்கழகங்களில், பத்திரிகைகளில் இருப்பவர்கள் 290 தொகுதிகளையும் தனித்தனிக் கோப்புறையாக இப்போதே இறக்கி, 15 இலக்கக் குறியீட்டையே கோப்பின் பெயராக வைத்துச் சேமிக்க வேண்டும். படங்களைச் சுருக்காதீர்கள். சுருக்கினால் 3-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம்தான் முதலில் போகும்.